அம்மாவின் முழங்கைக் கறுப்பு

தம்பி,

கல்யாணப் படங்களை நேற்றுப் போனில் அனுப்பியிருந்தாய். நீ தாலி கட்டுகிற படத்தில், பக்கத்தில் நிற்கும் உன் அம்மாவின் முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது என்னம்மா கறுப்பா?" என்று கேட்டிருந்தாய். "கண்மைடா, இழுவிருச்சு" என்று அவள் பதில் போட்டாள். முழங்கையில் யார் மை இடுவார்கள்? நீயும் ஒரு சிரித்த முகத்தை அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிட்டாய். அது மை இல்லை தம்பி, எஞ்சின் அழுக்கு. அன்று நாங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததற்கு, வழியில் லாரி கவிழ்ந்துகிடந்தது என்று உன் மாமனாரிடம் சொன்னேனே, அந்த லாரியும் பொய். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லப் போகிறேன். முந்தாநாள் நம் சாப்பாட்டு மேசையில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சாமி வந்தவரு மாதிரி ஏங்க அங்கயும் இங்கயும் நடக்குறீங்க, உக்காருங்கலா" என்று உன் அம்மா இரண்டு தரம் அதட்டிவிட்டாள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ, "பரவால்லப்பா, விடுங்க" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அது. அந்தக் குணம் உனக்கு வரக் காரணம் நான்தான் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. அதனால் தாளை எடுத்தேன். இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. தர்ஷினி படிக்கட்டும், அவள் அப்பா அம்மா படிக்கட்டும். நம் அடுக்குமாடி புளோக் ஆட்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களே, அதிலும் இந்தத் தாள்களைப் படம் பிடித்துப் போடப் போகிறேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

தர்ஷினி நம் வீட்டுக்குப் புதிது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவன் உன் அப்பன். எங்கே கிரீச் என்று சத்தம் கேட்டாலும் எண்ணெய்க் கேனோடு நான் போய் நிற்பேன். அங்கே மலாய் நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் அபாங் மின்யாக், அதாவது எண்ணெய் அண்ணன். வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன். கதவுக் கீல், தையல் மிஷின், உன் சைக்கிள் சங்கிலி, அம்மாவின் மூட்டு வலி, எல்லாவற்றுக்கும் என் கையில் ஒரே மருந்து. காரை வாங்கியது உன் எட்டாவது வயதில். சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், கண்பார்வை மங்கியதும், "வேற யாருக்கும் குடுக்க மனசு வரல, நீ நல்லா பாத்துக்குவ" என்று என்னிடம் ஒப்படைத்தார். இளம்பச்சை நிறம், உருண்டை முகம், என்னைவிட இரண்டு வயது மூத்த வண்டி. சாவியைத் திருப்பிவிட்டு, ஒரு பொத்தானை அமுக்கினால்தான் எஞ்சின் எழும். அந்தப் பொத்தானுக்காக நீ என்னமாய் அலைந்தாய்! "ஒரு தடவப்பா, ஒரே ஒரு தடவ" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிவாய்.

நிச்சயதார்த்தத்தன்று தர்ஷினி கீழே நின்ற காரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கல்யாணம் முடிஞ்சு நாங்க இதுலதான் வீட்டுக்கு வருவோம். கென்சல் பண்ணாதீங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ என்னவோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த மூன்று மாதம் நான் அந்தக் காருக்குச் செய்த அலங்காரத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணம் பையனுக்கா காருக்கா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

சரி, கல்யாணக் காலைக்கு வருகிறேன். ஏழு மணிக்கெல்லாம் நீயும் சொந்தக்காரர்களும் வேனில் தண்ணீர்மலை மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள். தாலியும் கூறைப்புடவையும் வைத்த தட்டோடு நானும் அம்மாவும் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. எட்டு மணிக்குக் கீழே இறங்கினோம். வண்டிக்கு மல்லிகைச் சரம், நெற்றியில் சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஒன்றிலும் குறையில்லை. தட்டைப் பின் இருக்கையில் வைத்து, அது நகராமல் அம்மா கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முருகா என்று பொத்தானை அமுக்கினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி அமுக்கினேன். மறுபடியும் ஒரே ஒரு 'டக்'. அமுக்கும்போதெல்லாம் விளக்கு மங்கியது. பட்டுச் சட்டைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பேட்டரி போய்விட்டது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் முன்னால் சுவர், பின்னால் ஒரு கார் குறுக்கே நிற்கிறது. நம் பிளாட்டில் இடம் கிடைக்காதவர்கள் குறுக்கே நிறுத்துவது வழக்கம்தான். ஆனால் கைப்பிரேக் போடாமல் விட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் தள்ளிக்கொள்ளலாம். இந்த மகராசன் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். எல்லா மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. அந்தக் காருக்குச் சொந்தக்காரன் மட்டும் வரவில்லை.

"ஏங்க, போன்ல வண்டி கூப்புடுறேன். தாலிய வச்சுக்கிட்டு வெளையாடாதீங்கலா" என்றாள் அம்மா.

"பத்து நிமிஷம் குடு, சரோ."

"இருவத்தஞ்சு நிமிஷம்னு காட்டுது. அது வர்றதுக்குள்ள இது எழுந்திரிச்சா சரி. இல்லன்னா தட்ட எடுத்துக்கிட்டு நான் கெளம்பிருவேன். நீங்க இந்தக் காருக்கே ஒரு தாலியக் கட்டி இங்கயே குடும்பம் நடத்துங்க."

நான் மறுபடி ஹாரனை அமுக்கினேன். காதைப் பொத்திக்கொண்டிருந்தவள், திடீரென்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பேட்டரி செத்துப் போச்சுங்கிறீங்க. ஹாரன் இந்தப் போடு போடுதே, அது எப்படி?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது, சரோ."

இந்த வசனத்தைக் கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி வருகிறேன். மற்ற நாளாக இருந்தால் அவளும் பேசாமல் போயிருப்பாள். அன்று போகவில்லை. "தெரியாதுதான். ஆனா அன்னிக்கும் இதே மாதிரிதான் ஹாரன் அடிச்சிச்சு, இதே மாதிரிதான் 'டக்'குன்னிச்சு. கார இழுத்துட்டுப் போக வந்த டோ லாரிக்காரன் பேட்டரியத் தொடவே இல்ல. மோட்டாரு பின்னால ஒரு சின்ன மூடியக் கழட்டி, ஸ்பேனர வச்சு ஒரு திருப்புத் திருப்புனான். கார் எழுந்திரிச்சிருச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"என்னிக்கு?"

"என்னிக்கா? தம்பியோட பேட்மிண்டன் செலெக்ஷன் அன்னிக்கு."

தம்பி, அந்த நாளை நாம் இருவரும் இதுவரை ஒருமுறைகூடப் பேசியதில்லை. இப்போது நானே பேசுகிறேன். உனக்குப் பதினான்கு வயது. மாநிலத் தேர்வுக்கு உன் பெயர் வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சந்தோஷம் தாங்காமல் உள்ளே ஏறி, என்னைக் கேட்காமல் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டாய். எஞ்சின் எழுந்தது. நீ துள்ளினாய். நான் ஓடிவந்து அணைத்துவிட்டு உன் காதைத் திருகினேன். மறுநாள் காலை, நீ விளையாட்டு உடையில் மட்டைப் பையோடு உட்கார்ந்திருக்க, நான் அமுக்கினால் 'டக்'. நம் புளோக் ஆட்கள் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் எல்லோர் முன்னாலும், "நேத்து நோண்டுனல்ல? பேட்டரிய காலி பண்ணிட்டல்ல?" என்று உன் கன்னத்தில் அறைந்தேன். "நான் இல்லப்பா" என்றாய். எதிர்த்துப் பேசுகிறாயா என்று இன்னொன்று அறைந்தேன். டோ லாரிக்காரன் வந்ததும், பானட்டைத் திறந்ததும், அவன் என்ன செய்தான் என்பதும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். உன்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் உனக்குப் புத்தி சொன்னேன். தன்னுடையது இல்லாததைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். மத்தியானம் அம்மா, "ஏங்க, அது பேட்டரி இல்லையாம், ஸ்டார்ட்டர் மாட்டிக்கிச்சாம், அந்த ஆளு சொன்னான்" என்றாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். அதன்பின் நீ அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. பதினேழு வருஷமாகக் காரும் பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை. எப்போதாவது ஒரு 'டக்' கேட்கும், இன்னும் இரண்டு அமுக்கு அமுக்கினால் எழுந்துவிடும். இவன் கை படாததால்தான் வண்டி ஒழுங்காக இருக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். ஆமாம் தம்பி, அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கல்யாணக் காலையில் இதையெல்லாம் நினைக்க ஏது நேரம்? மணி எட்டு இருபது. என் ஸ்பேனர் பெட்டி ஆறாவது மாடியில், ஈப்போவிலிருந்து வந்த சொந்தக்காரர்களின் மூட்டை முடிச்சுக்கு அடியில் எங்கேயோ. "குசினி பைப்பு முடுக்குற ஸ்பேனர் இருக்கு, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று அம்மா தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். லிப்ட் வருவதாகத் தெரியவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, அறுபது வயதில் உன் அம்மா ஆறு மாடி ஏறி, ஆறு மாடி இறங்கி வந்தாள். நான் தாலித் தட்டை ஏந்திக்கொண்டு பானட்டுக்கு முன்னால் நின்றேன். அந்த வழியாக மார்க்கெட்டுக்குப் போன ஒரு பாட்டி, காருக்குப் பூசை என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இனிமேல்தான் விசேஷமே. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் அது திருகுவரி போட்ட ஒரு மரையின் மேல் ஓடிப்போய், எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பல்லில் கோத்து, அதைச் சுழற்றிவிடும். எஞ்சின் எழுந்ததும் உடனே பின்வாங்கிவிட வேண்டும். பாதியிலேயே சிக்கிக்கொண்டால் இரண்டும் அசையாது. மோட்டாரின் வால் பக்கம் சின்ன மூடிக்குள் அதன் அச்சு முனை சதுரமாக இருக்கும். அதைத் திருப்பினால் விடுபடும். முப்பது வருஷம் இயந்திரங்களோடு இருந்த எனக்குத் தெரியாத இந்தச் சங்கதியை, ஒரே ஒரு தடவை வேடிக்கை பார்த்த உன் அம்மா நினைவில் வைத்திருந்தாள்! சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, நான்தான் முதலில் கையை விட்டேன். என் கை அந்தச் சந்துக்குள் மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. "தள்ளுங்க" என்றாள். வளையல்களைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"மூடி வந்திருச்சு. சதுரமா ஒண்ணு தட்டுப்படுது. எந்தப் பக்கம் திருப்பணும்?"

"தெரியல, சரோ" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. அவளும் ஒரு நொடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு, "எந்தப் பக்கம் எடம் குடுக்குதோ அந்தப் பக்கம் திருப்புறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தாள். அவள் போனில் 'பயணம் ரத்து' என்று வந்தது, கூப்பிட்ட வண்டிக்காரன் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டான். இனி இந்தக் கார்தான் கதி. தட்டில் மஞ்சள் கயிறு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நீ அங்கே மணவறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய், மறுபடியும் இந்தக் காரால் உன் நாளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். என்ன ஒரு சத்தம் தம்பி அது! "விட்டுருச்சுங்க! லூசா சுத்துது! விட்டுருச்சு!" என்று உன் அம்மா கத்தினாள். மேல் மாடிகளில் வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

ஓடிப்போய் உட்கார்ந்து அமுக்கினேன். ஒரே அமுக்குதான், எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. குறுக்கே நிறுத்தியிருந்தவரும் அப்போதுதான் சாரோங்கை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சோரி, சோரி, பாங்! ஹாரி இனி காவின் கா?" என்று கேட்டார். இன்றைக்குக் கல்யாணமா என்று அவர் கேட்டதற்கு அம்மாதான் மலாயில் பதில் சொன்னாள். "ஆமா பாங், மகனுக்கு. நீங்க கார எடுத்தா நடக்கும்." சிரித்துக்கொண்டே எடுத்தார். வழியெல்லாம் நாங்கள் இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தோம். ஒரு சிக்னலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அழுக்கோடு. ஒன்பது பத்துக்கு மண்டபத்தில் இருந்தோம். முகம் கழுவ நேரமிருந்தது, முழங்கையைப் பார்க்க நேரமில்லை. படத்தில் நீ பார்த்த கறுப்பு அதுதான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல வேடிக்கைக் கதை. முடியவில்லை. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் காரில் ஏறியபோது, எனக்கு இருந்த உற்சாகத்தில் உன்னை முன்னால் உட்கார வைத்து, "இந்தா, இன்னிக்கு நீ ஸ்டார்ட் பண்ணு" என்றேன். உனக்கு நினைவிருக்கிறதா, நீ என்ன செய்தாய் என்று? "வேணாம்பா, நீங்களே பண்ணுங்க" என்று இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டாய். கழுத்தில் மாலை, முப்பத்தொரு வயது, ஜொகூரில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற மனிதன், கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாய். தர்ஷினி, "நான் பண்றேன் அங்கிள்" என்று எட்டி அமுக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கை எனக்குள் எங்கேயோ குத்திக்கொண்டு நின்றுவிட்டது. பதினேழு வருஷம் இவன் தொடவில்லை, பிறகு ஏன் கார் மறுபடி அதே மாதிரி மாட்டிக்கொண்டது என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் இருவரும் ஜொகூருக்குக் கிளம்பியதும் ஸ்டார்ட்டரைக் கழற்றி மேலே கொண்டுவந்தேன். முந்தாநாள் மேசையில் பழைய பேப்பரை விரித்து, அந்தக் குட்டிப் பல்சக்கரம் ஓடும் மரையைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, களி மாதிரி, விரலால் வழித்தால் வருகிற அளவுக்கு ஒரு பிசின். கிரீஸ் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய்! சிக்குப் பிடித்த நல்லெண்ணெய். சுரண்டச் சுரண்ட அடியில் சிவப்பு, அதற்கடியில் மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு. குங்குமம், தம்பி, குங்குமம்!

ஆயுத பூஜைக்கு நாம் என்ன செய்வோம், நினைத்துப் பார். காரை ஆறாவது மாடிக்குக் கொண்டுவர முடியாது. அதனால் வண்டிக்கு உயிர் கொடுப்பது எதுவோ அதைக் கொண்டுவருவோம் என்று, வருஷா வருஷம் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டார்ட்டரைக் கழற்றி, மூடி எதையும் திறக்காமல் வெளிப்பக்கத்தை மட்டும் மண்ணெண்ணெயில் துடைத்து, சாமி படத்துக்கு முன் வைப்பேன். சந்தனம், குங்குமம், அதோடு என் கை சும்மா இருக்குமா, மரை வழியே நாலு சொட்டு நல்லெண்ணெய். உன் பள்ளிக்கூடக் கணக்குப் பெட்டியும், பேட்மிண்டன் மட்டையும், அம்மாவின் தையல் கத்தரிக்கோலும் பக்கத்தில் இருக்கும். அந்த எண்ணெயில் தூசி ஒட்டி, குங்குமம் ஊறி, பிசினாகி, பல்சக்கரம் ஓடுகிற இடத்தை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. உன் தேர்வுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஆயுத பூஜை. ஆறு வருஷத்துப் பிசின் மேல் புது எண்ணெயும் சேர்ந்திருந்த நேரம்.

சந்தேகம் தீர, ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கிற ஆ செங்கிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்தார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். "சினி தா போலே மின்யாக். கெரிங் சாஜா" என்றார். இந்த இடத்தில் எண்ணெயே ஆகாது, காய்ந்துதான் இருக்க வேண்டும் என்கிறார். "யார் போட்டது, ஒரு வருஷ எண்ணெய் இல்லையே இது?" என்று மலாயில் கேட்டார். அபாங் மின்யாக் என்ன பதில் சொல்வான்? "நான்தான்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு ஒருபக்கம் ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும்போல் குதூகலம், ஒருபக்கம் அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. எத்தனை வருஷத்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன், அவன் என் வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மேசை மேல் இருந்த பிசினைப் பார்த்தாள். "சாமிக்கு எண்ணெ ஊத்துனா சாமி தாங்கும். எல்லாத்துக்கும் ஊத்தலாமாங்க?" என்றாள். பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னாள். "அந்த செலெக்ஷனுக்கு அடுத்த வருஷம் பூசைக்கு அவன் மட்டைய வைக்கல. நீங்க கவனிச்சீங்களா?" கவனித்தேன் தம்பி. மட்டை இருந்த இடம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று பயம். அந்தக் காலி இடத்தில் நான் ஸ்டார்ட்டரை நகர்த்தி வைத்தேன்.

புதிதாகக் கல்யாணமானவனுக்கு அப்பன் நாலு வார்த்தை புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் பழக்கதோஷம், சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏதாவது ஓடாமல் நின்றால், யார் தொட்டது என்று தேடாதே, முதலில் மூடியைத் திறந்து பார். தர்ஷினி ஹாரன் சத்தமாக இருக்கிறது என்று சொன்னால், உனக்குத் தெரியாது என்று சொல்லாதே, காது கொடுத்துக் கேள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. நானே சொல்லிவிட்டேன், உயிரோடுதான் இருக்கிறேன். அன்பு என்று நினைத்து நீ ஊற்றுவது எதிரில் இருப்பவருக்கு வேண்டியதுதானா என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஊற்று. நான் கேட்காமல் ஊற்றினேன். கேட்காமல் அறைந்தேன். இரண்டையும் உன் நல்லதுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை அடித்தது நம் புளோக் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால். அன்று வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் இன்னமும் இங்கேதான் இருக்கிறார்கள், போன் குழுவிலும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் குழுவுக்கும் போகிறது. அம்மா, "வெக்கமா இல்லையாங்க?" என்று கேட்டாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று உனக்கும் இருந்திருக்குமே.

இன்று காலை மரையை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. எண்ணெய்க் கேனை அம்மா எங்கேயோ ஒளித்தும் வைத்துவிட்டாள். ஸ்டார்ட்டரைக் காரில் மாட்டிவிட்டேன். ஆனால் பொத்தானை அமுக்கவில்லை. கை துறுதுறுவென்று இருக்கிறது, மூன்று தரம் கீழே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன், அமுக்கவில்லை. அடுத்த மாதம் நீங்கள் விருந்துக்கு வருகிறீர்கள் அல்லவா, அதுவரை கார் அப்படியே நிற்கும். முதல் அமுக்கு உன்னுடையது. எழுந்தால் நாம் நாலு பேரும் அதில் ஒரு சுற்றுப் போய் வருவோம். 'டக்' என்றால் பயப்படாதே, குசினி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள்.

எழுந்தாலும் எழாவிட்டாலும், கையைப் பின்னால் கட்டாதே, தம்பி. அன்று நீ "நான் இல்லப்பா" என்றாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆமாம். நீ இல்லை. நான்தான்.

அப்பா